கதவு எந்தப் பக்கம்

பெசமினோவின் பஸ்ஸைப் போல இன்னொரு பஸ் சமோவாத் தீவின் தலைநகர் ஆப்பியாவின் கிழக்குச் சாலையில் ஓடியதில்லை. இதை அவரே வாய் ஓயாமல் சொல்வார் என்றாலும் உண்மை அதுதான். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்காராத ஆள். சந்தையில் சேப்பங்கிழங்கு மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பழைய லாரி வாங்கினார். அதன் மேல் மரக்கூண்டைத் தானே அறுத்து, தானே அடித்து நிறுத்தினார். எந்தப் படித்தவனும் வரைந்து கொடுக்கவில்லை.

கூண்டுக்குக் கருநீலம் அடித்து வெள்ளைக் கோடு இழுத்தார். நியூசிலாந்துக்காரன் சமோவாவை ஆண்ட காலத்தில் அவனை எதிர்த்தவர்கள் இடுப்பில் கட்டிய துணி அந்த நிறம்தான். டிரைவர் ஜன்னலுக்குப் பின்னால், இடப்பக்கம் முழுக்க, அவர்கள் ஊர்வலத்தில் கத்திய வாசகத்தை எழுதினார்: சமோவா சமோவாவுக்கே.

பெசமினோவின் தாத்தா அந்த ஊர்வலத்தில் போனவர். போலீஸ் சுட்டதில் காலில் குண்டு பட்டு, கடைசிவரை காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். பஸ்ஸில் ஏறியவர்கள் அந்தக் கால் கதையைக் கேட்காமல் இறங்கியதில்லை. பல வருஷம் கழித்து நியூசிலாந்துப் பிரதமர் ஆப்பியாவுக்கே வந்து அந்தச் சூட்டுக்கு மன்னிப்புக் கேட்டபோது ஊர் நெகிழ்ந்தது. பெசமினோ மட்டும் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"நம்ம வழக்கத்துல மன்னிப்புன்னா தலைமேல பாயைப் போர்த்திக்கிட்டு வாசல்ல உக்காரணும். முதுகுல வெயில் அடிக்கணும். இவங்க விமானத்துல வந்து, பேசிட்டு, சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. பாய் எங்க?"

அதன் பிறகுதான் சாலை மாறியது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் மலிவான பழைய கார் அனுப்ப வசதியாக, அதுவரை வலப்பக்கம் ஓடிய வண்டிகளை இனி அவர்களைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. பஸ்களெல்லாம் கதவை இடப்பக்கம் மாற்ற வேண்டும். பெசமினோ மாட்டேன் என்றார்.

"அவன் தூக்கிப் போடுற காருக்காக என் பஸ்ஸை நான் வெட்டணுமா? அதுவும் அந்த எழுத்து மேலயா?"

முன் சீட்டில் மொயெலாங்கி உட்கார்ந்திருந்தாள். சந்தையில் கிழங்கு விற்பவள். சின்ன வயதில் பாதிரியார் வீட்டில் பெசமினோவோடு எழுத்துப் படித்தவள். அவள் சும்மா இருப்பாளா?

"ஏ பெசமினோ, நம்மள வலப்பக்கம் ஓட்டப் பழக்கினவன் ஜெர்மன்காரன். உங்க தாத்தா அவனுக்காகவா குண்டு வாங்கினாரு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பெசமினோவுக்குக் காது சூடேறியது. அந்தச் சூட்டிலேயே, "இந்தப் பஸ்ஸுல கதவு இருக்கற இடத்துலதான் இருக்கும். பயமா இருந்தா நடந்து போ" என்றார்.

அவள் நடந்து போகவில்லை. எப்போதும் போல ஏறினாள், இறங்கினாள். ஆனால் வலப்பக்கக் கதவு இப்போது நடுச்சாலையைப் பார்த்துத் திறந்தது. ஒரு மழை நாளில் கிழங்குக் கூடையோடு அவள் இறங்கிக் கால் வைத்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி வந்தது. ஓட்டியவன் பிரேக்கை மிதித்தான். அவன் மேல் தவறே இல்லை. கூடை உருண்டது. மொயெலாங்கியின் முழங்கால் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனவர் பெசமினோதான். அங்கே அவள் மகன் யோசுவா அவரை விலக்கிவிட்டு அம்மாவிடம் போனான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஃபெத்து எதிரில் நின்றாள். "பிரதமர் பாய் கொண்டு வரலைன்னு ஊரெல்லாம் சொன்னியே. நீ எதைக் கொண்டு போகப் போற?"

"அது விபத்து. நான் ஏன்..."

"பேச்சு மட்டும்னா நானும் கேட்டிருக்கேன். அந்த நியூசிலாந்துக்காரங்களும் அப்படித்தானே பேசினாங்க?"

அவள் பெட்டியைத் திறந்து, மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த மெல்லிய பாயை எடுத்தாள். தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. துணி போல மடங்கும். அதை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மொயெலாங்கி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் விடியும்போது பெசமினோ அவள் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டார். அவர் குடும்பத்து ஆண்கள் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். உள்ளே ஏற்றுக்கொண்டால் யாராவது வந்து பாயை எடுப்பார்கள். ஏற்காவிட்டால் எதுவும் வரலாம், கல்லும் வரலாம். பாய்க்குள் மூச்சு சூடாக இருந்தது. பக்கத்துச் சாலையில் பஸ்கள் மெதுவாகப் போவது கேட்டது. எல்லாம் தெரிந்த முகங்கள். எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள் என்று பாய்க்குள்ளிருந்தே தெரிந்தது. முதுகில் வெயில் ஏறியது. இப்படித்தான் ஏற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே வெயில். அப்போது அது வேறு ஒருவன் முதுகாக இருந்தது.

யோசுவாவின் குரல் ஒருமுறை கேட்டது. "இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

பிறகு கட்டை ஊன்றும் சத்தம் நெருங்கியது. பாய் விலகியது. மொயெலாங்கி. கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு கதவோரத்தில் சாய்ந்து நின்றாள்.

"எந்திரி. வெயில்ல உக்காந்து செத்துட்டா அதுக்கும் நியூசிலாந்துக்காரன்தான் காரணம்னு சொல்லுவே."

பெசமினோவால் எழ முடியவில்லை. "மொயெலாங்கி, நான்..."

"கால் இனிமே நேரா வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் அவள். குரலில் கோபமில்லை. "நல்லதுதான். உன் பஸ்ஸுல இனிமே ரெண்டு கால் கதை சொல்லலாம்."

அவர் தலையைத் தரையில் வைத்துவிட்டார். யோசுவா வந்துதான் தோளைப் பிடித்துத் தூக்கினான். உள்ளே கோகோ கொடுத்தார்கள். குடித்தார். என்ன குடித்தோம் என்று தெரியவில்லை.

மறுநாள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் இடப்பக்கம் நின்றார். தானே அடித்த பலகை. நல்ல மரம், சுலபத்தில் விடவில்லை. வாசகத்தின் முதல் சொல் முழுதாகப் பெயர்ந்து வந்தது. 'சமோவாவுக்கே' மட்டும் பஸ்ஸில் நின்றது. பெயர்ந்த பலகையை எறிய மனமில்லாமல் கீல் வைத்துக் கதவாக்கினார். கதவை மூடினால் வாசகம் முழுசு. திறந்தால் பாதி.

மொயெலாங்கி மறுபடி சந்தைக்குப் போகத் தொடங்கியபோது அந்தக் கதவைப் பிடித்துத்தான் காலை இழுத்து ஏறினாள். 'சமோவா'வின் மேல் அவள் கை பட்ட இடத்தில் சாயம் தேய்ந்துவிட்டது. பெசமினோ அதற்கு மறுபடி சாயம் அடிக்கவில்லை.

ஆக்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த பையன் ஒருவன் ஒரு நாள் பின் சீட்டிலிருந்து கேட்டான். "மாமா, உங்க தாத்தா கால் கதை சொல்லுவீங்களாமே. எங்கப்பா சொன்னாரு."

முன் சீட்டில் மொயெலாங்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெசமினோ ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

"எந்தப் பக்கம் இறங்கணும்னு பாத்து இறங்கு, தம்பி," என்றார்.