முகம் கரைந்த பிள்ளையார்

வெள்ளையாய், வழுவழுப்பாய், உள்ளங்கையில் அடங்குவதாய் ஒன்று வீட்டில் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அது யானைத்தந்தம்தான். அரியாலையில் என்னிடம் மதிப்பிடவும் பழுதுபார்க்கவும் வருபவற்றில் பாதி மாட்டெலும்பு. உள்ளதைச் சொன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வல்வெட்டித்துறை நாகேஸ்வரி அக்கா தந்தம் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. சீலைத்துண்டை அவிழ்த்து, பெருவிரலளவு பிள்ளையார் ஒன்றை மேசையில் வைத்தார். அவருடைய கணவர் ஆழ்வாப்பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். தென்னமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய பனங்கொட்டை மாதிரியான ஒரு கொட்டையில், ஓய்வு நேரங்களில் பேனைக்கத்தியால் செதுக்கியது. அந்தக் கொட்டை காய்ந்தால் தந்தம்போல் இறுகிவிடும். லீவில் வந்தபோது அதை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த பயணத்தில் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் அந்தியேட்டிக் கிரியை செய்ய விடமாட்டேன் என்று அக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டார். இன்றைக்கும் நெற்றியில் பொட்டு இருக்கிறது.

அவர் திரும்பி வரவேண்டுமென்று வெள்ளிதோறும் பிள்ளையாருக்கு அபிஷேகம். மஞ்சள் தண்ணீர், பால், பிறகு துணியால் அழுத்தித் துடைப்பு. இப்போது வயிற்றில் வெடிப்பு, முகம் வெறும் உருண்டை.

"கண், மூக்கு ஒண்டும் தெரியேல்லைத் தம்பி. அவர் வந்தால் கேப்பார். திருப்பி வெட்டித் தாங்கோ."

எனக்கு எரிச்சல் வந்தது. கொட்டை தண்ணீரை உறிஞ்சி ஊதி, காய்ந்து வெடித்திருக்கிறது என்றும், முகத்தைத் துடைத்தெடுத்தது அக்காவின் கைதான் என்றும் சொல்லிவிட்டேன். நான் வெட்டினால் அது என் கத்தியின் முகமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். வெட்ட வேண்டாம் என்று அக்கா தலையை ஆட்டினார்.

பிள்ளையார் ஒரு சின்னப் பீடத்தில் மெழுகால் ஒட்டப்பட்டிருந்தார். கழற்றி, மெழுகைச் சுரண்டினேன். தண்ணீர் படாத அந்த அடிப்பக்கத்தில் கொட்டையின் பழுப்புத் தோல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் பேனைக்கத்தியின் கீறல்கள், நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தன. அக்காவின் விரலைப் பிடித்து அதில் வைத்தேன். அவர் விரலை எடுக்கவேயில்லை. அவருக்கு முன்னால் அழக்கூடாதென்று நான் எழும்பிப் போய்த் தேநீர் வைத்தேன்.

வெடிப்பை அடைத்துக் கொடுத்தபோது, இனித் தண்ணீர் காட்டவே கூடாது, காய்ந்த பஞ்சால் தூசி தட்டினால் போதும் என்றேன்.

"ஓம். அப்ப வெள்ளிக்கிழமையிலை நான் அவருக்கு என்ன செய்யிறது?"

அக்கா பிள்ளையாரை மேசையில் வைத்துவிட்டுச் சீலைத்துண்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

"என்னட்டை இருந்தால் கை சும்மா இராது. அவர் வருமட்டும் உங்களிட்டை இருக்கட்டும்."

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறார். முகத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்து, அடியைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். ஆழ்வாப்பிள்ளை வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படலை திறக்கும் சத்தம் கேட்டால், இரண்டு பேராக வருகிறார்களோ என்று எட்டிப் பார்க்கிறேன்.