நைனாவின் ஹெரால்டும் மூன்று வாரிசுகளும்

புது வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வருகிறவர்கள் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வார்கள். அப்பா ஓட்டிய வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் குடும்பத்துக்கு என்ன கோளாறு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சிங்காநல்லூர் பக்கம் எங்களுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பது என் வீட்டுக்காரர் மயில்சாமி. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது நான். இரண்டில் எது சுலபம் என்று, என்னைப் போல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒர்க்‌ஷாப் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்காகவே ஒரே ஒரு வண்டியின் சங்கதியை இங்கே எழுதுகிறேன்.

பின்னாலேயே வந்த இரண்டு கார்கள்

சூலூர் பக்கம் ஒரு பஞ்சுக் கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றுவிட்ட பழைய ஹெரால்டு கார் அது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடி போலத் தூக்கித் திறக்கும் பானெட். திறந்து பார்த்தால் இஞ்சினைச் சுற்றி எலிகள் பஞ்சை இழுத்து வந்து மெத்தை போட்டு வைத்திருந்தன. காரை ஏற்றி வந்த லாரிக்குப் பின்னால் இரண்டு புதுக் கார்கள் வந்து, ஒன்று கேட்டுக்கு இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் நின்றன. ஒன்றில் அண்ணன் ஜெகநாதன், இன்னொன்றில் தம்பி வேணுகோபால்.

வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அப்பாவை நைனா என்பார்கள். நைனா போன வருஷம் காலமாகிவிட்டார். தோட்டமும் மில்லும் பாகம் பிரிந்தபோது அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. காரை மட்டும் பாகம் பிரிக்க வழியில்லை. ஓட வைத்துக் குடும்பத்திலேயே வைத்துக்கொள்வது என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்திருந்தார்கள். யார் வீட்டில் நிற்கும் என்பதை மட்டும் பேசி முடிக்கவில்லை. பெரியவர் என் மேஜைக்கு வந்து, தம்பி நின்ற திசையைப் பார்க்காமலே சொன்னார்: "அவங்கூட எனக்குப் பேச்சுவார்த்தை இல்லைங்க அம்மணி. அவன் என்ன கேட்டாலும் நீங்களே சொல்லிப்போடுங்க."

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று

பெரியவர் காலையில் மில்லுக்குப் போகும் வழியில் வருவார். சின்னவர் சாயங்காலம் வருவார். நைனா வைத்திருந்தபடியே ஒரு திருகாணி மாறாமல் இருக்கவேண்டும் என்பது காலை உத்தரவு. ஏசி வைக்கவேண்டும், சீட்டெல்லாம் புது டிசைனில் தைக்கவேண்டும், பாட்டு கேட்க வசதி வேண்டும் என்பது சாயங்கால உத்தரவு. "அண்ணன் இப்படிச் சொன்னாருங்களே" என்றால், "அவரு ஓட்டப்போறதில்லைங்க, பூட்டி வெக்கப்போறாரு" என்பார் சின்னவர். அதை மறுநாள் காலையில் நான் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பெரியவரிடம் சொல்வேன்.

பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேடுவதுகூட எங்கள் ஊரில் பெரிய பாடில்லை. தேய்ந்துபோனதைக் கையில் கொடுத்தால் புதிதாகக் கடைந்து தர லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இரண்டு முதலாளிகளைச் சமாளிக்கத்தான் எந்தப் பட்டறையிலும் ஒன்றும் கிடைக்காது. ஏசி விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராமலே சொன்னார்: "இந்த இஞ்சினுக்கு ஒண்ணு காத்து வரும், இல்லீன்னா வண்டி வரும். எது வேணும்னு கேட்டுச் சொல்லு."

நீலமா, க்ரீமா

தகர வேலை முடிந்து பெயின்ட் அடிக்கும் நேரம் வந்தது. கிடங்கில் வெயிலும் தூசியும் ஏறி, காரின் நிறம் இன்னதென்று சொல்ல முடியாமல் போயிருந்தது. பெரியவர் நீலம் என்றார். தன்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட கார் நீலம்தான், சந்தேகமே வேண்டாம் என்றார். சின்னவர் க்ரீம் என்றார். அவரையும் அதே காரில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இருவரும் பொய் சொல்கிறவர்கள் கிடையாது. என் வீட்டுக்காரர் கதவின் ரப்பரைப் பிரித்து ஓரத்தைச் சுரண்டினார். மேலே க்ரீம், அதற்குக் கீழே நீலம்.

இவர்களுக்கு மூத்தவர் ஒரு அக்கா உண்டு, விஜயா. பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்காரரைக் கட்டியிருக்கிறார். அவரிடம் போனில் கேட்டேன். "முதல்ல நீலமுங்க. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, வண்டி பழசாத் தெரியக்கூடாதுன்னு நைனா க்ரீம் அடிச்சாரு" என்றார். அப்படியென்றால் இப்போது எதை அடிக்கட்டும் என்று கேட்டேன். நீலம், க்ரீம் என்று இரண்டையும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என்னைய ஏனுங்க கேக்கறீங்க? வண்டி அவங்களோடதாச்சே."

யாரும் விட்டுக்கொடுக்காததால் சாம்பல் நிற ப்ரைமர் அடிப்பூச்சோடு வண்டியை நிறுத்தி வைத்தோம்.

சிகரெட்

இஞ்சின் பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன. பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பித்தான் அசைக்க முடிந்தது. பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவினால் உள்ளே பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் முடிந்து இஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் நாளில், அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பெரியவர் காலையில் வரவில்லை. திரும்பும் வழியில் சாயங்காலம் வந்துவிட்டார். சின்னவர் ஏற்கனவே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி தூரத் தூர நின்றார்கள்.

இரண்டு மூன்று முறை இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும், ஐம்பதை எட்டிப்பிடித்த சின்னவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றார். செய்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்கும். பெரியவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்னவர் என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "பழக்கதோஷமுங்க அம்மணி."

வாங்க வந்தவர்

ஊட்டி ரோட்டில் ரிசார்ட் நடத்துகிற ஒருவர் வேறு வேலையாக வந்து ஹெரால்டைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டார். ரிசார்ட் வாசலில் நிறுத்தி வைத்தால் வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். "இஞ்சின் இல்லாட்டியும் பரவால்லைங்க" என்று வேறு சொன்னார். மாசக்கணக்கில் அந்த இஞ்சினோடு மல்லுக்கட்டிய என் வீட்டுக்காரர் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பெரியவர் யோசித்துப் பார்த்து, "அவன் ஊட்டுல நிக்கறதுக்கு ரிசார்ட்டுல நின்னா தேவலைங்க" என்றார். சாயங்காலம் சின்னவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். அண்ணனும் சம்மதித்துவிட்டார் என்று நான் சொன்னதும், அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "பாருங்க, இதுலயாச்சும் நாங்க ஒத்துப்போறமே" என்றார்.

கையெழுத்து

கார் இன்னும் நைனா பெயரில்தான் இருந்தது. விற்கவேண்டுமானால் மூன்று வாரிசுகளும் கையெழுத்துப் போடவேண்டும். அக்காவிடம் கேட்கப் போனால் மற்றவன் என்ன நினைப்பானோ என்று அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தயக்கம். ஆகவே அந்த வேலையும் என் மேஜைக்கே வந்தது. விஜயாக்கா பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். காகிதத்தை எடுத்து வைத்தேன். முதலில் வண்டியைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனவர், சாம்பல் நிறத்தில் நின்ற காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டீயரிங்கைக்கூடத் தொடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். டீ ஆறிவிட்டது, வேறு டீ வாங்கி வரச் சொன்னேன்.

திரும்பி வந்து டீயைக் குடித்து முடித்தார். காகிதத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "தோட்டத்துக்குக் கேட்டாங்க, போட்டேன். மில்லுக்குக் கேட்டாங்க, போட்டேன். கல்யாணத்துலயே செஞ்சாச்சுன்னு சொன்னாங்க, சரின்னேன். இதுக்குப் போடமாட்டேனுங்க. இத எனக்குக் குடுக்கச் சொல்லுங்க." நானும் என் அண்ணனுக்கு அப்படி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான். வைத்து என்ன செய்வீர்கள் என்று ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஓட்டுவேன். வேறென்னங்க செய்வாங்க காரை?"

யார் முதலில் கொடுத்தது

மறுநாள் காலை பெரியவரிடம் சொன்னேன். "கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பமே" என்றார். "இப்ப கேக்கறாங்கல்லங்க" என்றேன். உள்ளே போய், வண்டியின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். போகும்போது, "அக்காளே எடுத்துக்கட்டும். நாந்தான் குடுத்தேன்னு அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார்.

சாயங்காலம் அதைச் சின்னவரிடம் அப்படியே சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கொடுக்கக்கூடாது என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவருடைய கோபம் வேறு. "அவருக்கு முந்தியே குடுக்கறதா நான் மனசுல நெனச்சிருந்தேனுங்க. அதையும் சொல்லிப்போடுங்க."

அக்காவுக்குப் போன் போட்டு என்ன நிறம் என்று மறுபடி கேட்டேன். இந்த முறை யோசிக்கவே இல்லை. "நீலமுங்க. பொண்ணு பாக்க வந்த கலரு வேண்டாம்."

பொள்ளாச்சி ரோடு

வண்டியை எடுத்துப்போகும் நாளில் தம்பிகள் இருவருமே வந்தார்கள். பழைய வண்டி, அக்கா தனியாகப் போகக்கூடாது, பின்னாலேயே வருகிறேன் என்று தனித்தனியாகச் சொன்னார்கள். நீல ஹெரால்டு முன்னால், அதற்குப் பின்னால் இரண்டு கார்கள் என்று ஊர்வலம் கிளம்பியது. தோப்பில் ஜீப் ஓட்டிப் பழகிய விஜயாக்கா, திருப்பத்தில் கையைக் காட்டிவிட்டு லாவகமாகத் திரும்பினார். என் வீட்டுக்காரர் கேட்டில் நின்று, சத்தம் கேட்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் பெரியவர் போன் பண்ணினார். கிணத்துக்கடவு தாண்டி வண்டி நின்றுவிட்டது, தானும் தம்பியும்தான் தள்ளிக் கிளப்பினோம், என்னங்க இப்படி வேலை செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். போனை வைத்ததும் சின்னவர் கூப்பிட்டார். அதே புகார். கூடவே, அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, தைலம் வாங்க மருந்துக்கடையில் நிற்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஏதோ ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு பாகமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் விஜயாக்கா பேசினார். ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று, தம்பிகள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு அங்கேயேதான் இருக்கிறார்கள் என்றார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க. நாந்தான் ஆஃப் பண்ணிப்போட்டு, ஸ்டார்ட் ஆகலைன்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணாத் தள்ளட்டும்னு கிளட்ச்ச உட்டா உடனே கிளம்பிரும்னு, உடாமயே கொஞ்ச தூரம் வந்தேன். உங்க ஊட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிப்போடுங்க, பாவம்."

இத்தனை வருஷத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போய் நடுரோட்டில் நின்ற வண்டிகளிலேயே, என் வீட்டுக்காரரை நிம்மதியாகத் தூங்கவிட்டது அந்த ஒன்றுதான்.