சவ்வின் உட்பக்கம்

சவுரியம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஒன்பது வருஷமாகச் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனாள். அவளிடம் படித்தவர்களே விரிவுரையாளர்களாகத் திரும்பி வந்தபோதுகூட அவள் ஒன்றும் சொன்னதில்லை.

சபியா பீவி கோட்டக்குப்பத்துப் பெண், பி.எஸ்ஸி. கடைசி வருஷம். கோழிக்கரு பாடம் நடந்தபோது கேட்டாள்: "மஞ்சக்கருவைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கே மேடம், அது சும்மா மூடிக்கினு இருக்கா, ஏதாச்சும் வேலை செய்யுதா?"

"சொல்ல மாட்டேன். நீயே செஞ்சு பாரு."

கூட்டேரிப்பட்டில் வாங்கிய நாட்டுக்கோழி முட்டைகளை ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைத்தார்கள். பிறகு சவ்வை உரித்து, கண்ணாடி வளையத்தின்மேல் விரித்து, அதில் கருவை வைத்தார்கள். பாதிக்குச் சவ்வின் உட்பக்கம், முட்டைக்குள் கரு ஒட்டியிருக்கும் பக்கம், மேலே, மீதிக்கு வெளிப்பக்கம் மேலே. மறுநாள் பார்த்தால் உட்பக்கத்தில் வைத்த கருக்கள் வட்டமாகப் பரவியிருந்தன. ஓரத்துச் செல்கள் சவ்வைப் பற்றிக்கொண்டு ஊர்ந்திருந்தன. வெளிப்பக்கத்தில் வைத்தவை அப்படியே சுருங்கிக் கிடந்தன. கரன்ட் போய் வீணானவை போக, ஆறு தடவை செய்தும் அதேதான். செல் தானாக நகர்வதில்லை, பிடித்துக்கொள்ளத் தகுந்த இடம் இருந்தால்தான் நகரும் என்று சபியா ரெக்கார்டு நோட்டில் எழுதினாள்.

1985 ஏப்ரலில் பிராக்டிகல் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சக்கரபாணி சபியாவின் நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"சவ்வு என்னம்மா பண்ணும்?"

"செல்லு அதைப் பிடிச்சிக்கினு நகருது சார்."

"பிடிச்சிக்க அதுக்குக் கையா இருக்கு?"

பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்தார். ஐம்பதுக்குப் பதினொன்று. சபியா தலைகுனிந்து வெளியே போனாள்.

மதிப்பெண் தாளில் கல்லூரி சார்பாகக் கையெழுத்துப் போடவேண்டியவள் சவுரியம்மாள். பேனாவை மூடி வைத்தாள்.

"போட மாட்டேன் சார்."

துறைத்தலைவர் சீனுவாசன் பதறினார். "பேஜாரு பண்ணாதீங்கம்மா. ஒரு பொண்ணுக்காக மொத்த பேட்சும் நிக்குது."

"நிக்கட்டும். உட்பக்கத்துல வச்ச கரு ஒண்ணு, வெளிப்பக்கத்துல வச்சது ஒண்ணு, ரெண்டையும் மைக்ராஸ்கோப்புல வச்சிருக்கேன். பாத்துட்டு, தப்புன்னு சொல்லட்டும்." குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

சக்கரபாணி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். மறுபடி முதலாவதுக்கே போனார்.

"ஒண்ணு பரவியிருக்கு. இன்னொண்ணு பரவலை."

"அந்தப் பொண்ணு வேற என்ன எழுதுச்சு?"

"இது சிலபஸ்ல இல்லம்மா."

"சிலபஸ்ல இல்லாததை நீங்க ஏன் சார் கேட்டீங்க?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினொன்றை அடித்துவிட்டு இருபது என்று எழுதினார். தேறுவதற்கு அதுதான் மதிப்பெண், ஒன்றுகூடக் கூடுதலில்லை. மற்ற பிள்ளைகளின் தாள்கள் மேஜையில் காத்திருந்தன. சவுரியம்மாள் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

சபியா வராந்தாவில் நின்றிருந்தாள். "ஃபர்ஸ்ட் கிளாஸ் போச்சா மேடம்?"

"போச்சு."

சவுரியம்மாளைத் தேர்வு வேலைக்கு அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவள் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து கடிதம் எழுதினாள். எட்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: மறுமதிப்பீட்டுக்கு விதியில் இடமில்லை. அதை எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பம் போனாள். எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைக்காமல் சபியா வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"விடுங்க மேடம். நாம பாத்தது பாத்ததுதான்."

"விடுங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத" என்றாள் சவுரியம்மாள். அந்தப் பெண்மீதும் அவளுக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்தாள். அந்த வாரமே ஆறாவது கடிதத்தைத் தபாலில் சேர்த்தாள்.