வரட்டுங்களா?

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் புதிதாகச் சூப்பர்வைசராக வந்திருந்தேன். வெளியூர்க்காரன். அங்கே அயர்ன் செய்பவர் ஒருவர், வியர்வையில் எப்போதும் நனைந்த சட்டையோடு இருப்பார். முதல் நாள் ஷிப்ட் முடிந்ததும் என் மேஜை முன் வந்து, "வரட்டுங்களா?" என்றார்.

எனக்கு அலுப்பு. "சரி, போங்க" என்றேன்.

மறுநாள் அவர் வரவில்லை. வீடு தேடிப் போனேன்.

"போங்கன்னுட்டீங்க. இனி வேலையில்லைன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்றார். "நாங்க போறேன்னு சொல்றதில்லீங்க. திரும்பி வரோணுமுன்னுதான் அப்படிக் கேக்கறது. நீங்க வாங்கன்னு சொல்லோணும்."

அதன்பின் தினமும் சொன்னேன்.

ஆர்டர் நின்று கம்பெனியை மூடிய அன்றும் அவர் வந்து நின்றார். "வரட்டுங்களா?"

"வாங்க" என்றேன்.

மறுநாள் நானும் அங்கே இல்லை.