ஜெபசுதாவின் நாற்பத்தேழு

ஈஸ்ட் வளரும் கண்ணாடித் தட்டின் மூடியைத் திறந்ததும் ஜெபசுதா முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரே ஒரு இழுப்பு. பன் வாசனை அடித்தால் ஈஸ்ட் நலம். ஈர மண் வாசனை என்றால் பூஞ்சை புகுந்துவிட்டது, அன்றைய உழைப்பு போயிற்று. ‘ஆய்வகத்தில் எதையும் முகரக் கூடாது’ என்று எதிர்ச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதும் அவர் கையெழுத்துதான். சுட்டிக் காட்டினால், “அது பிள்ளைகளுக்கு அண்ணாச்சி” என்பார்.

நான் அவர் வேலை பார்க்கும் கல்லூரியில் நூலகர். அவர் நுண்ணுயிரியலில் தற்காலிக விரிவுரையாளர், பதினான்கு வருடமாகத் தற்காலிகம். நாற்பத்தொரு வயது. பிறந்தது நாசரேத், இப்போது மாப்பிள்ளையூரணியில் வாடகை வீடு. கணவர் பெனிஸ்டன் துறைமுகத்தில் கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். ஆய்வகத்தில் சாப்பிடக் கூடாது என்ற விதியை மட்டும் ஜெபசுதா மதிப்பதால், மதியச் சோறு என் நூலகத்தின் பின்னறையில் நடக்கும். பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். ஈஸ்ட்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

“எங்க அப்பா கோயில்ல உபதேசியாரு. கள்ளுக்கடை இருக்க தெருவுலகூட நடக்க மாட்டாவ. மக கள்ளைப் பொங்க வைக்க பூச்சிய வளத்துக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு தட்டில் வளர்ந்த ஈஸ்ட்டைப் புள்ளி மாறாமல் இன்னொரு தட்டுக்குப் பெயர்க்க வெல்வெட் துணி வேண்டும். முதல் தட்டைத் துணியில் அழுத்தி எடுத்து, அதே துணியில் புதுத் தட்டை அழுத்தினால் அச்சு விழுந்துவிடும். அதற்காகப் பஜாரில் கறுப்பு வெல்வெட் வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, பிரஷர் குக்கரில் வேகவைத்து, மாடிக் கொடியில் காயப் போடுவார். கடைக்காரர் ஒருமுறை, “பிளவுஸுக்கா டீச்சர்?” என்று கேட்டிருக்கிறார். “ஈஸ்ட்டுக்கு அண்ணாச்சி” என்றதும், மனுஷர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லையாம்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிய வைக்க ஒரு மதியம் முழுக்கச் செலவழித்தார். ஈஸ்ட்டில் இரண்டு வகை உண்டு. நம் வசதிக்கு ஒன்றைப் பெண் என்றும் மற்றதை மாப்பிள்ளை என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் ஒரே செல்லாகிவிடும்.

“உங்க லைப்ரரியில பூட்டின பீரோ இருக்குல்லா? அதே மாதிரி, ஒவ்வொரு ஈஸ்ட்டுக்குள்ளயும் ரெண்டு புஸ்தகமும் இருக்கும் அண்ணாச்சி. பொண்ணு புஸ்தகமும் இருக்கும், மாப்பிள்ளை புஸ்தகமும் இருக்கும். மேசையில விரிச்சி வச்சிருக்க ஒண்ணத்தான் அது படிக்கும். மத்ததெல்லாம் பீரோவுக்குள்ள சத்தமில்லாம கெடக்கும்.”

“பூட்டு உடைஞ்சா?”

“ரெண்டையும் சேத்துப் படிச்சிரும். பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்லன்னு ஆயிரும். பொறவு யார்கூடயும் சேராது.”

அந்தப் பூட்டு உடைந்த ஒன்றைத்தான் அவர் தேடினார். எது உடைந்தது என்று தெரிந்தால், மரபணுவை எது பூட்டுகிறது என்று தெரியும். மூவாயிரத்துச் சொச்சம் புள்ளிகளைச் சலித்ததில், யாருடனும் சேராமல் தனித்து நின்றது ஒன்று. அதற்கு நாற்பத்தேழு என்று எண் போட்டார். ஆறு வருடம் அதனோடுதான் குடித்தனம். “நாப்பத்தேழுக்கு ஒடம்பு சரியில்ல அண்ணாச்சி” என்பார், ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மழையில் மின்சாரம் போனால் கல்லூரியில் கெட்டுவிடும் என்று இரண்டு நாள் முன்னதாகவே நாற்பத்தேழை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பெனிஸ்டன் கேஸ் சிலிண்டரைத் தூக்க, இவர் டிபன் பாக்ஸில் அந்தக் கண்ணாடிக் குழாய்களைப் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி மாடியேறியிருக்கிறார். கல்யாண ஆல்பம் தண்ணீரோடு போயிற்று. பெனிஸ்டன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார், கோபமில்லாமல்தான்.

இந்த வருடம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜூன் முதல், முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடாவது கொடுக்காதவர்களுக்கு வேலை இல்லை. ஜெபசுதாவின் ஆய்வுப் பதிவு, நீட்டிப்புக்குமேல் நீட்டிப்பு வாங்கி, மார்ச் கடைசி வெள்ளியோடு முடிகிறது. அன்று மாலை ஐந்துக்குள் ஆய்வேட்டைத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். எழுதி முடித்து, பைண்டிங்குக்கும் கொடுத்துவிட்டார்.

அதற்கு முன்பு, ஆய்வை எல்லார் முன்பும் விளக்கிய கூட்டத்தில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நாற்பத்தேழு இன்னும் சேராத ஒற்றைச் செல்தான் என்பது நிச்சயமா? ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஜோடியும் பிறகு யாருடனும் சேராதே? வழிகாட்டி கிருபாநிதி, ஓய்வுபெற்ற பேராசிரியர், “அதெல்லாம் பாத்தாச்சு சார்” என்று முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். அவர் பார்க்கவில்லை. ஜெபசுதாவும் பார்த்ததில்லை. முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய சோதனை அது. அவர் செய்திருப்பார் என்று இவரும், இவர் செய்திருப்பார் என்று அவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பைண்டிங்குக்குப் போன ஐந்து நாள் இடைவெளியில் ஜெபசுதா நாற்பத்தேழைப் பட்டினி போட்டார்.

“பட்டினி போட்டா ஜோடியா இருக்கது தனக்குள்ள நாலு வித்து வைக்கும். ஒத்தையா இருக்கது சும்மா கெடக்கும்” என்று என்னிடம் சொன்னார். கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

“வச்சிட்டுதா?”

“வச்சிட்டு.”

பெண் வகையும் மாப்பிள்ளை வகையும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்த குழாய்களில் இருந்தவை. எப்போதோ ஒரு நாள் ஒரு துளி இடம் மாறியிருக்கிறது. “பூட்டும் உடையல, ஒண்ணும் உடையல. ரெண்டும் எப்பமோ கல்யாணத்த முடிச்சிட்டு உக்காந்திருந்திருக்கு. நான்தான் ஆறு வருசமா அதுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கிருபாநிதி போனில் சொன்னதை ஜெபசுதா என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். “ஏம்மா சுதா, நாலு வித்து விசயம் தெரிஞ்சது ஒனக்கும் எனக்குந்தான? பேசாம கொண்டு குடுத்துரு. பரீட்சகர் என்ன, ஒன் ஈஸ்ட்டப் பட்டினி போட்டா பாக்கப் போறாரு?”

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்தே பெனிஸ்டன் பைக்கோடு கல்லூரி வாசலில் நின்றிருந்தார். மனைவியைப் பஸ் ஸ்டாண்டில் விட வந்திருந்தார். இரண்டரைக்குள் பஸ் ஏறாவிட்டால் ஐந்துக்குள் கொடுக்க முடியாது. “என்ன அண்ணாச்சி, போன எடுக்க மாட்டேங்கா? கொஞ்சம் பாருங்களேன்” என்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாடியிலிருந்த ஆய்வகத்துக்குப் போனேன். நீல ரெக்சினில் தங்க எழுத்தில் அவர் பெயர் போட்ட ஐந்து பிரதிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மேசையில் இருந்தன. பக்கத்தில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஜெபசுதா நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

“பெனிஸ்டன் கீழ நிக்காரும்மா.”

“தெரியும்.”

“கொண்டுபோய்க் கொடுத்துருங்க” என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். ஜூனில் இந்தப் பெண் எங்கே போய் நிற்பாள் என்ற பயம்தான் எனக்கு.

அவர் நிமிரவில்லை. “பூட்டு உடைஞ்சிட்டுன்னு இருநூத்திப் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன் அண்ணாச்சி. அது உடையலியே.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பது. கீழே பெனிஸ்டன் இரண்டுமுறை ஹாரன் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“நாலு வித்த நீங்க பாத்ததில்லல்லா? வாங்க” என்று கூப்பிட்டார். குனிந்தேன். கலங்கலாக ஏதோ தெரிந்தது. “ஒண்ணும் தெரியலம்மா” என்றேன்.

என்னை விலக்கிவிட்டுத் தானே கண்ணை வைத்துப் பார்த்தார். ஃபோகஸ் குமிழைக்கூடத் தொடவில்லை. நிமிர்ந்து, முந்தானை நுனியால் கண் வைக்கும் கண்ணாடியிலிருந்த ஈரத்தை நிதானமாகத் துடைத்துவிட்டு, “இப்பம் தெரியும், பாருங்க” என்று எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.