படமாக வந்த வெள்ள அறிவித்தல்

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே எங்கள் வளாகம். வீடு வாவியின் மறுகரையில், களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட. கிழமை நாட்களில் விடுதியில் தங்குவேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திரும்புவேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நடந்ததெல்லாம் அதனால்தான் என்று பலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மாரி காலம். வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை விடவேயில்லை. ஞாயிறு பின்னேரம் எங்கள் ஊரில் மின்சாரமும் போய்விட்டது. திங்கட்கிழமை எனக்கு ஒரு பாடத்தில் சோதனை. தவறவிட்டால் அடுத்த வருடம்தான் எழுதலாம். காலையில் எழும்பியதும், போனில் மிச்சமிருந்த சார்ஜில் பல்கலைக்கழக இணையத்தளத்தைத் திறந்து பார்த்தேன். திரையில் இருக்கிற எழுத்தை என் போன் வாசித்துச் சொல்லும். விரலை நகர்த்த நகர்த்த, "படம். இணைப்பு. படம்" என்று மட்டும் சொன்னது. எங்கள் தளத்தில் படம் என்றால் விளையாட்டுப் போட்டிப் பாராட்டு, பேராசிரியர் ஒருவருக்கு வாழ்த்து, இப்படி ஏதாவது இருக்கும். வகுப்பு வட்ஸ்அப் குழுவிலும் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். அதன் கீழே நாலைந்து பேர் சிரிக்கும் முகம் அனுப்பியிருப்பதாகப் போன் சொன்னது. பகிடிதான் என்று விட்டுவிட்டேன். விடுதியில் என்னோடு இருக்கும் தோழிக்குப் போன் எடுத்துப் பார்த்தேன், லைன் போகவில்லை.

அப்பா ஓட்டோ ஓட்டுபவர். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். என்னை பஸ் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டு, போகாமல் நின்றார்.

"இண்டைக்குப் போகத்தான் வேணுமா மகள்? மழை விடுற மாதிரி இல்ல."

"பாத்திட்டன் அப்பா. ஒண்டும் போடல்ல. சோதினை இருக்கு."

பஸ் வந்ததும் என்னை ஏற்றிவிட்டுத்தான் அவர் போனார்.

பஸ்ஸில் ஆட்கள் மிகக் குறைவு. பாலத்தைத் தாண்டும்போது, இரண்டு பக்கமும் தண்ணீர் இரைந்தது. வழக்கமாகப் பாலத்தில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். வளாகச் சந்தியில் நான் எழும்பியபோது கொண்டக்டர், "இஞ்சயா இறங்கப் போறீங்க? ரோட்டில தண்ணி நிக்குது போல" என்றார். புதிய ஆள், குரல் பழக்கமில்லை. "கம்பஸ் திறந்திருக்கு அண்ணன்" என்று உறுதியாகச் சொன்னேன். நான் இறங்கியதும், பஸ் அந்தச் சந்தியிலேயே திரும்பி வந்த வழியே போய்விட்டது. முன்னுக்குப் போக வேண்டிய பஸ் ஏன் திரும்பியது என்று அப்போதே யோசித்திருக்கலாம்.

சந்தியில் ஒரு தேநீர்க் கடை உண்டு. எந்த மழையிலும் அங்கே ரேடியோ பாடும். அன்று ரேடியோ இல்லை, ஆட்கள் கதைக்கும் சத்தமும் இல்லை. வெள்ளைப் பிரம்பைத் தட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். நேரான பாதை. நடுவில் ஒரு பள்ளம், அதில் ஒரு மதகு, ஏறினால் வளாக வாசல். பள்ளத்தில் கரண்டைக்கால் அளவு தண்ணீர். மழைத் தண்ணீர்தானே என்று கடந்துவிட்டேன். வாசலுக்குப் போய் இரும்புக் கதவைத் தொட்டால், சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. காவலாளியைக் கூப்பிட்டேன். பூட்டைப் பிடித்துக் கதவில் அடித்தேன். உள்ளே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

போனை எடுத்தேன், சிக்னல் இல்லை.

சந்திக்குத் திரும்பினால் யாராவது வருவார்கள் என்று மீண்டும் பள்ளத்தில் இறங்கினேன். தண்ணீர் இப்போது முழங்காலுக்கு வந்திருந்தது. முன்பு தேங்கி நின்ற தண்ணீர், இப்போது ஒரு பக்கமாக இழுத்தது. மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்றைச் சொன்னால் விளங்கும். நான் பாதையைக் காதால்தான் அறிவேன். சுவர் எந்தப் பக்கம், வெளி எந்தப் பக்கம், மரம் எங்கே, எல்லாம் சத்தம் சொல்லும். அன்று குடைமேல் மழை, கீழே வெள்ளம். இரண்டும் சேர்ந்து எல்லாத் திசையையும் ஒரே இரைச்சலாக்கிவிட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு எதுவுமே தெரியாமல் போனது அங்கேதான். பிரம்பை ஊன்றினேன். அது நிலத்தில் முட்டாமல் உள்ளே போனது. பதறி இழுத்தபோது கைநழுவித் தண்ணீரோடு போய்விட்டது. அடுத்து குடையும் போனது. கையை நீட்டித் துழாவியதில், மதகின் கட்டுச் சுவர் அகப்பட்டது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

தண்ணீர் தொடைக்கு ஏறியது. எங்கள் வாவியில் முதலை உண்டு. வெள்ளம் வந்தால் அவை வயலுக்கும் ரோட்டுக்கும் ஏறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நினைப்பு வந்த பிறகு, வேறு எதையும் நினைக்க முடியவில்லை. ஒரு தடவை, ஏதோ ஒன்று என் காலில் பாரமாக உரசிக்கொண்டு போனது. வாழைக் குற்றியாக இருக்கலாம். செத்த ஆடாக இருக்கலாம். என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. உடம்பு விறைத்துப் பிடி தளரத் தொடங்கியபோது, வளாகத்துக்கு அப்பால் இருக்கும் கிராமத்துப் பக்கமிருந்து ஓர் உழவு இயந்திரத்தின் சத்தம் வந்தது. பள்ளத்துக்கு மேலே வந்து நின்றது.

"ஆரு புள்ள அங்க? அங்கால போகாத. இஞ்சால வா, இஞ்சால" என்று ஓர் ஆணின் குரல். கையைக் காட்டியிருப்பார் போல.

"எனக்குக் கண் தெரியாது" என்று கத்தினேன்.

பிறகு ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அசையாத மகள். நான் கதைச்சிக்கிட்டே வாறன். என்ட சத்தத்தக் கேட்டுக்கிட்டு நில்லு."

புருஷன் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்திருக்க, மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பெண் தண்ணீருக்குள் இறங்கினார். கதை நிற்கவேயில்லை. உழவு இயந்திரத்தின் பின்னால் இழுத்து வந்த பெட்டிக்குள் ஆடுகள் நிற்பதையும், அவற்றில் ஒன்று அரிசிச் சாக்கைக் கடித்துவிட்டதையும், அவசரத்தில் வீட்டுப் பூட்டின் திறப்பைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்தா வந்திட்டன், இந்தா கிட்ட வந்திட்டன்" என்று இடைக்கிடை சொன்னார். அந்த இரைச்சலுக்குள் அவர் குரல் மட்டும் எனக்கு ஒரு திசையாக இருந்தது. அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்ததும், சுவரை விட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டியில் ஏற்றிய பிறகுதான் அவர் புருஷன் சொன்னார், மதகுக்கு அந்தப் பக்கம் ரோட்டை வெள்ளம் அறுத்துவிட்டது என்று. நான் சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னே போயிருந்தால், வாவியில்தான் தேடியிருப்பார்கள். வயலுக்குள் இறங்கிச் சுற்றி, மேட்டில் இருந்த ஒரு பாடசாலைக்கு எங்களைக் கொண்டுபோனார். அந்த அம்மா என் தலையைத் துவட்டிவிட்டார். "எனக்கு நீச்சல் தெரியா மகள்" என்றார், ஏதோ சாதாரணமான விசயம் போல.

பாடசாலையில் தங்கியிருந்த ஓர் ஆசிரியை, "கம்பஸ் பூட்டினது உங்களுக்குத் தெரியாதா? நேற்றே போட்டிருந்தாங்களே" என்றார். தன் போனில் சேமித்து வைத்திருந்த படத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். வெள்ள அபாயம் காரணமாக வளாகம் மறு அறிவித்தல் வரை மூடப்படுகிறது, சோதனைகள் ஒத்திவைக்கப்படுகின்றன, மாணவர்கள் வர வேண்டாம். கடிதத்தை அச்சடித்து, கையெழுத்து வைத்து, அதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். காலையில் என் விரல் அதன்மேல்தான் போய் நின்றிருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் வந்ததும் அதே படம்தான், சோதனை இல்லையென்று சிரித்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் நின்றபோது வராத அழுகை, அப்போது வந்தது.

பின்னேரம் கிராம உத்தியோகத்தரின் போனில் அப்பாவோடு கதைக்க முடிந்தது. காலையிலேயே மற்ற ஓட்டோக்காரர்கள் சொல்லி, கம்பஸ் பூட்டிய விசயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாலத்தை மூடிவிட்டார்கள். பொலிஸ் விடவில்லை. நாள் முழுக்கப் பாலத்தடியிலேயே நின்றிருக்கிறார். என் குரலைக் கேட்டதும் "ஓம்" என்றார். பிறகும் "ஓம், ஓம்" என்றார்.

வெள்ளம் வடிந்ததும் அப்பா ஒரு முடிவோடு இருந்தார். "படிச்சது காணும் மகள்." விடுதியிலிருந்து என் சாமான்களை எடுத்து வரத்தான் இருவரும் வளாகத்துக்குப் போனோம். அங்கே ஓர் அதிகாரி நடந்ததைக் கேட்டுவிட்டு, "இனித் தனிய வராதீங்க, ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. அப்பாவும் அவரும் சேர்ந்து, அக்கறையினாலேயே என்னை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள் போலிருந்தது.

இணையத்தளத்தைப் பார்ப்பவரிடம் ஒரு தடவை பேசிவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். இளைஞர் ஒருவர், குரலில் களைப்பு. "நாங்க நேரத்துக்குத்தானே போட்டம் தங்கச்சி" என்றார். நான் வாதாடவில்லை. போனை மேசையில் வைத்து, தளத்தைத் திறந்து, சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அறை முழுக்கக் கேட்டது. பழைய எழுத்துருவில் தட்டியிருந்த தமிழ், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழுந்தது. பத்து இணைப்புகளுக்கும் "இங்கே அழுத்தவும்" என்ற ஒரே பெயர். வெள்ள அறிவித்தல் இருந்த இடத்தில் போன் "படம்" என்ற ஒரு சொல்லோடு கடந்துபோனது.

அவர் திரும்பவும் போடச் சொன்னார். "இதுக்கெல்லாம் முறை இருக்கெண்டு படிச்சிருக்கன். ஆனா இஞ்ச ஒராள் இப்பிடிக் கேட்டுக்கொண்டிருப்பாங்கெண்டு நினைவே வரல்ல" என்றார். அப்பா என் பின்னால்தான் நின்றிருந்தார். அதுவரை அந்தப் போன் எப்படி வாசிக்கும், எதை வாசிக்காது என்பது அவருக்கும் தெரியாது. வெளியே வந்ததும், சாமான் எடுக்கிற கதையை அவர் எடுக்கவில்லை. "இந்த வருசம் முடியட்டும்" என்றார்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் அறிவித்தல்களை எழுத்தாகத் தட்டிப் போட்டார்கள். பிறகு படங்களுக்கு விளக்கம் எழுதினார்கள். காது கேளாத மாணவர் ஒருவர், காணொளிகளுக்குக் கீழே எழுத்து வேண்டும் என்று கேட்டார். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், எந்தக் கட்டடத்தில் சாய்வுப்பாதை இருக்கிறது என்று தளத்தில் போடச் சொன்னார். இடையில் யாராவது பழையபடி கடிதத்தைப் படம் பிடித்துப் போடுவார்கள். நான் உடனே அந்த இளைஞருக்கு எடுப்பேன். "ஓம் தங்கச்சி, இப்ப மாத்துறன்" என்பார். சில தடவை சலிப்போடு சொல்வார், ஆனாலும் மாற்றிவிடுவார்.

படிப்பு முடிந்து, இப்போது நானும் அந்த இணையத்தளப் பிரிவில்தான் வேலை செய்கிறேன். தளத்தில் எந்தப் பக்கம் வெளியாவதென்றாலும், முதலில் நான் கேட்டுப் பார்க்க வேண்டும். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். மாரி மழை கூரையில் இறங்கும்போது, இன்றும் என் கால்கள் தரையைத் தேடும். அப்படியான நாட்களில் ஓர் அறிவித்தலை வெளியிட்டுவிட்டு உடனே எழும்பிப் போக என்னால் முடிவதில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கும் இந்த நேரத்தில், அது போய்ச் சேராத யாரோ ஒருவர் எங்கேயோ பஸ் ஏறிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும்.