பக்கச் சுவரில் ஒரு கதவு

ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது என் வீட்டுக்காரர் கையில் ஒரே ஒரு காகிதச் சுருள்தான் இருந்தது. பெட்டி, படுக்கை, கூஜா எல்லாம் என் கையிலும் போர்ட்டர் தலையிலும். மதராஸிலிருந்து அந்தச் சுருளைப் பச்சைக் குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கீழக்கரையில் கட்டப்போகும் ஒரு வீட்டின் படம் அது. 1958, மாசி மாதம்.

கீழக்கரைக்குப் பத்து மைல். பஸ்ஸுக்கு ஆளுக்கு ஆறணா. நயா பைசா வந்து வருஷம் ஒன்றாகப் போகிறது, கண்டக்டர் இன்னும் அணாவில்தான் கேட்கிறார். திருப்புல்லாணி தாண்டியதும் பனையும் உடைமரமும் மணலும்தான். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "எவ்வளவு சுத்தமா இருக்கு பார், ஒண்ணுமே இல்லை" என்று மகிழ்ந்தார்.

அவர் கட்டட இஞ்சினீயர். வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் வீடு என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கு நான் மூன்று வருஷம் போராடியிருக்கிறேன். கடைசியில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

படத்துக்குச் சொந்தக்காரர் ஹபீப் மரைக்காயர். கொழும்பில் ஜவுளிக் கடை. வருஷத்தில் இரண்டு மாதம் ஊரில் இருப்பார். கீழக்கரையில் கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டித் தரவேண்டியது தகப்பன் கடன். மூத்தவள் ஆமினாவுக்குக் கட்டியாகிவிட்டது. இப்போது இளையவள் ஜைனம்புவுக்கு, ஆமினா வீட்டை ஒட்டிய மனையில். மறுநாள் மரைக்காயர் கப்பல் ஏறுகிறார். அதற்குள் படம் முடிவாக வேண்டும்.

கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால் கட்டிய பழைய வீடு அவர்களுடையது. முன்கூடத்தில் ஆண்கள், திரைக்கு அப்பால் பெண்கள். நான் மட்டும் இரண்டு பக்கமும் போகலாம் என்பதால் வக்கீல் குமாஸ்தா வேலை என் தலையில் விழுந்தது. உள்ளே தூணெல்லாம் பூவும் கொடியும். ஜன்னல் மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. வெயில் வந்தால் தரையில் ரோஜாப் பாகு ஊற்றியது போலிருக்கும். மாடம் மாடமாகச் சீனப் பீங்கான். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. துடைப்பது யார் என்று நினைத்தால் ஆசை கொஞ்சம் குறைந்தது.

மரைக்காயரின் மனைவி பாத்திமா உம்மா படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"தங்கச்சி, இது எம் மவளுக்கு வீடா, உப்புக் குடோனா? ஒரு தூணு உண்டா, ஒரு மாடம் உண்டா? மாப்பிள்ளை வீட்டாளுக வந்து பாத்தா என்ன நெனப்பாக?"

நான் திரையைத் தாண்டி வந்து சொன்னேன். மரைக்காயர் சிரித்தார்.

"தூணுல பூ செதுக்குனா உப்புக் காத்து தின்னுட்டுப் போவுது. கொழும்புல பாத்தேன், எல்லாம் வெள்ளையா, சும்மா, கண்ணுக்குக் குளுமையா இருக்கு. இஞ்சினீயர் தம்பி போட்டது போட்டபடிதான்."

இப்படியே மத்தியானம் வரை. பிரியாணி சாப்பிட்டபோது மட்டும் போர்நிறுத்தம்.

இவ்வளவுக்கும் கல்யாணப் பெண் ஜைனம்பு வாயே திறக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நான் தனியாக இருந்தபோது வந்து உட்கார்ந்து, படத்தின் மேல் விரலை வைத்து அறை அறையாகப் போனாள். மேற்குச் சுவரில் விரல் நின்றது.

"இங்கன கதவு எங்கக்கா?"

"கதவு இல்லையேம்மா. முன்னால ஒண்ணு, கொல்லையில ஒண்ணு."

"இந்தப் பக்கந்தான ஆமினா லாத்தா வீடு. கதவு இல்லாட்டி நான் எப்படிப் போவேன்? துப்பட்டியப் போத்திக்கிட்டு, தெருவுல ஆம்பளைக இல்லாத நேரமாப் பாத்துல்ல போவணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அந்த வீட்டுக்கு எத்தனை பெண்கள் வந்து போனார்கள், தெருவில் ஒருத்தியையும் காணவில்லை. பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு எல்லாவற்றுக்கும் சுவருக்குச் சுவர் ஒரு சின்னக் கதவு. அதன் வழியே குழம்பு வரும், குழந்தை வரும், ஊர்க்கதை வரும்.

"உங்க வாப்பாகிட்ட சொல்லேன்" என்றேன்.

"தூணுக்கே இந்தச் சண்டை நடக்குது. இதுல நான் வேறயா?" என்று எழுந்து போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

இவரிடம் சொன்னேன். "மூணாவது கதவு எதுக்கு? அந்தப் படத்திலேயே உருப்படியான இடம் அந்தச் சுவர்தான். இருபத்தெட்டு அடி, ஒரு ஜன்னல்கூட இல்லாம, வெள்ளை வெளேர்னு. அதுல போய் ஓட்டை போடச் சொல்றே" என்றார். அவருக்கும் முகம் வாடிவிட்டது. அந்தச் சுவரை அவர் எத்தனை தரம் அழித்து அழித்து வரைந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை மரைக்காயரை வழியனுப்ப நாங்களும் தனுஷ்கோடி வரை போனோம். ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. ஒன்றேகால் மைல், இரண்டு பக்கமும் கடல். தெற்கே பச்சை, வடக்கே நீலம். கம்பார்ட்மெண்டில் எல்லார் கண்ணும் ஜன்னலில். என் மனதில் மட்டும் கதவு.

தனுஷ்கோடியில் கப்பலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனில் காபி இரண்டணா, வாயில் வைக்க வழங்கவில்லை. மணலில் சற்று நடந்தோம். பனையோலைக் குடிசை ஒன்றின் வாசலில் ஓர் அம்மாள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பாய், ஒரு பானை, ஒரு வலை. இவருக்குக் கொண்டாட்டம். "பாருங்க மரைக்காயரே, வேண்டாதது ஒண்ணுகூட இல்லை!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இருந்தா வைக்க மாட்டமாய்யா?"

வாசல் கழியில் சோழி கோத்த சரம் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இது எதுக்கும்மா என்று கேட்டேன். "சும்மாதேன். நல்லாருக்குல்ல?" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் பார்க்கக் குனிந்துவிட்டாள். இவர் அந்தச் சரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

துறைக்கு வந்தோம். சுங்கச் சோதனை முடிந்து, கப்பல் ஒரு தரம் ஊதியது. இனி பொறுப்பதற்கில்லை. இவர் கோபித்துக்கொண்டால் மதராஸ் வரை சமாளித்துக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டேன்.

"உங்க மகள் ஒரு கதவு கேக்கறா. அக்கா வீட்டுக்குப் போக."

மரைக்காயர் சட்டென்று திரும்பினார். "யாரு, ஜைனம்பா கேட்டா?"

"ஆமாம். உங்ககிட்ட சொல்லப் பயப்படறா."

அவர் கைப்பெட்டியைக் கீழே வைத்தார்.

"கொழும்புல கடைக்கு மேல எனக்கு ஒரு ரூம்பு, தங்கச்சி. ஒரு கட்டிலு, ஒரு பொட்டி. இருபது வருசமா நாலு செவுரும் மொட்டையாத்தான் கெடக்கு. அதயே பாத்துப் பாத்து அதுதான் அழகுன்னு ஆயிருச்சு போல. காய்ச்சல் வந்து நாலு நாள் கெடந்தேன். பக்கத்து ரூம்புக்காரனுக்குத் தெரியாது." இவர் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் கதவ வச்சுருங்க. எம் மவளுக்கு அந்தத் தனிமை வேணாம். ஆனா தூணு மட்டும் வேணாம்னு ஜைனம்பு உம்மாகிட்ட நான் சொன்னதாச் சொல்லிருங்க. நான்தான் கப்பலேறிட்டனே!"

இவர் கையோடு கொண்டுவந்திருந்த படத்தைச் சுங்கக்காரர் மேஜையிலேயே விரித்தார். பென்சிலை எடுத்து, அந்த வெள்ளைச் சுவரில் சின்னதாக இரண்டு கோடு போட்டார். மரைக்காயர் அதன் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "வாரேன்" என்று படியேறினார். கப்பல் சிறிதாகும்வரை நின்றோம். ரயிலில் இவர் என்னோடு பேசியது பாம்பன் தாண்டிய பிறகுதான். "இரண்டரை அடி போதுமா?" என்று கேட்டார். மூன்றாக இருக்கட்டும் என்றேன்.

அடுத்த தடவை நான் கீழக்கரைக்குப் போனது எட்டு வருஷம் கழித்து. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிருந்தது. அந்த ஸ்டேஷனும் துறையும் இல்லை. சோழிச் சரம் கட்டிய அந்த அம்மாளை யாரிடம் போய் விசாரிப்பது?

மரைக்காயர் கொழும்பை விட்டு வந்துவிட்டார். இவர் அவரோடு ஜைனம்புவின் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தார். ஆண்களுக்கு அதுவரைதான், கட்டியவராகவே இருந்தாலும். நான் உள்ளே போனேன். வெள்ளைச் சுவர்கள், நல்ல வெளிச்சம், காற்று. சும்மா சொல்லக்கூடாது, வீடு அழகாகவே இருந்தது. மேற்குச் சுவருக்குப் பாத்திமா உம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இவர் சாதாரணப் பலகைக் கதவுதான் போட்டிருந்தார். அதைக் கழற்றிவிட்டு, தன் தகப்பனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்குக் கதவை அங்கே மாட்டியிருக்கிறார் உம்மா. பூ வேலை வீட்டுக்கு உள்பக்கம் தெரிய வேண்டுமென்று கூடவே நின்று மாட்டவைத்தாராம். ஆனால் கதவு அகலத் திறந்து சுவரோடு சாய்ந்து கிடந்தது. வேலைப்பாடு முழுவதும் சுவரைப் பார்த்தபடி.

"சாத்தவே மாட்டேங்குறாளுக தங்கச்சி, ராவும் பகலும். எம் பூவ யாரு பாக்குறது?"

பார்க்கிற ஆசையில் நானே கதவை இழுத்துச் சாத்தினேன். தாமரை, கொடி, மாங்காய், நடுவே ஒரு சின்னப் பாய்மரக் கப்பல். ஒரு கொடி முழுக்கப் பார்த்திருக்க மாட்டேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஆமினாவின் குரல்.

"யாரு கதவச் சாத்துனது?"

ஜைனம்பு அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இவர் கேட்டார். "அந்தக் கதவு எப்படி இருக்கு?"

"திறந்தே கிடக்கு" என்றேன். தேக்கையும் தாமரையையும் பாய்மரத்தையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். "பாய்மரம்கூடவா?" என்று கேட்டுவிட்டு வெளியே பனைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மதராஸில் எங்கள் வீடு இவர் போட்ட படம்தான். பக்கச் சுவர் ஒரு ஆணிகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்த அன்று கூஜாவை இறக்கி வைத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். போட்டுவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றேன். யார் கதவைச் சாத்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை.